ஈஸ்டர் வரை ஓர் அறை

கெல்லோயார்வி, லாப்லாந்து
20 அக்டோபர் 1963

அன்புள்ள தம்பி கலெர்வோ,

நீ ரயிலடிக்கு வராததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் கடிதமே போடாமல் இருந்தேன். இப்போது முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். போகட்டும், இனி அந்தப் பேச்சு வேண்டாம். உன் மகள்தான் வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். "அப்பாவுக்கு இன்னைக்கு டிராம் டூட்டி, அத்தை" என்றாள் ரித்வா. ஞாயிற்றுக்கிழமை உனக்கு வார விடுப்பு என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொய் சொல்லப் பழகாத பெண்.

"வடக்கே உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாய். யாரும் இல்லை. நம் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய வரைபடத்தை நினைத்துப் பார். வேலை பார்த்த காலமெல்லாம் நான் குச்சியை வைத்து ஆறுகளையும் நகரங்களையும் காட்டினேன். மேல் ஓரத்துக்கு வந்ததும், "இதெல்லாம் பனி, காடு, ஏரி" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவேன். அந்த ஒரு மூச்சில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

வீடு நன்றாக இருக்கிறது. முன்பு காட்டிலாகாக் காவலர் ஒருவர் குடியிருந்த மரவீடு. பெரிய அடுக்களை, ஒரு படுக்கையறை, முன்னால் கண்ணாடி வைத்த தாழ்வாரம். நான் வந்தபோது அண்டை வீட்டுக்காரி சைமா தன் புருஷனோடு வந்து சாமான்களை இறக்கிக் கொடுத்தாள். செப்டம்பர் முழுக்க யாராவது வந்து அடுக்களையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த மாதத் தொடக்கத்தில் பனி விழுந்தது. முன்கதவின் இடுக்குகளில் பாசியைத் திணித்து, மேலே காகிதம் ஒட்டி அடைத்துவிட்டேன். பின்பக்கம் அடுக்களைக் கதவு ஒன்று போதும். கடையில் பிர்ச் மரக்குச்சித் துடைப்பம் ஒன்று வாங்கினேன். காலையில் பாதையிலுள்ள பனியைத் தள்ளிவிட்டு, துடைப்பத்தை வெளியே முன்கதவில் சாய்த்து வைத்துவிடுவேன். எந்தப் பொருளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே வந்த பழக்கம்.

நீ சுகமாக இரு. கோபம் தீர்ந்ததும் எழுது.

உன் அக்கா
ஐலி

* * *

துர்க்கு
11 நவம்பர் 1963

அக்காவுக்கு,

கோபம் தீரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஓடுகிற டிராமிலிருந்து ஒருத்தி குதித்துவிட்டால், ஓட்டுகிறவன் நிறுத்திப் பார்க்கத்தான் வேண்டும்.

அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் உனக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை என்று இருந்தோம். என் ஹில்மா கண்மூடிய பிறகு மாலையில் சூப் குடிக்க எதிரே நீ இருந்தாய். அதை விட்டுவிட்டு வரைபடத்தின் ஓரத்தைப் பார்க்கப் போயிருக்கிறாய். வரைபடம் சுவரில்தானே இருந்தது? நாற்காலி போட்டு ஏறிப் பார்த்திருக்கலாம்.

விஷயம் இதுதான். ரித்வாவுக்கு நடுக்கோடைத் திருநாளன்று கல்யாணம். மாப்பிள்ளை கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். அவளுடைய விடுதியில் கல்யாணமானவர்களுக்கு இடமில்லை, வெளியேயும் வீடு கிடைக்கவில்லை. உன் அறை கிடைத்தால் போதும் என்கிறாள். ஈஸ்டர் வரை உனக்காகக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டேன். அதற்குள் நீ வந்துவிடு, அல்லது வரமாட்டேன் என்று சொல். சொல்லிவிட்டால் அதன் பிறகு அங்கேதான் உன் வாழ்வும் சாவும். திரும்ப இடம் கிடையாது.

நீ வந்துவிடுவாய். எனக்குச் சந்தேகமில்லை.

கலெர்வோ

* * *

கெல்லோயார்வி
27 டிசம்பர் 1963

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய காபிப் பொட்டலம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பஸ்ஸில் வந்தது. நன்றி. அதில் பெரும்பகுதி இன்னும் அப்படியே இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

இங்கே யாரும் என் வீட்டுக்கு வருவதில்லை. செப்டம்பரில் வந்தவர்கள் பனி விழுந்ததோடு நின்றுவிட்டார்கள். பனிக்காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் கரடி மாதிரி உள்ளேயே அடங்கிவிடுவார்கள் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அப்படியும் இல்லை. பனிச்சறுக்குத் தடங்கள் என் வேலிப் படல் வரை வருகின்றன, அங்கே ஒரு வட்டம் போடுகின்றன, திரும்பிப் போய்விடுகின்றன. சைமாவின் வீட்டுக்கு நாள் முழுக்க ஆள் போகிறது. இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது.

கடையில் பார்த்தால் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பயணம் நல்லபடியா முடிஞ்சுதா, டீச்சர்?" எந்தப் பயணம்? துர்க்குவிலிருந்து வந்ததையா இன்னும் கேட்கிறார்கள்? "நல்லபடியா முடிஞ்சுது" என்கிறேன். "எப்ப வந்தீங்க?" என்கிறார்கள். "செப்டம்பர்லயே வந்துட்டேனே" என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். எப்படியும் ஒருநாள் ஓடிவிடுவேன் என்பதைத்தான் இப்படி நாசூக்காகக் கேட்கிறார்களோ என்னவோ.

கிறிஸ்துமஸுக்கு உலர்ந்த பிளம்ஸ் வைத்து நட்சத்திர ரொட்டிகள் ஒரு தட்டு நிறையச் சுட்டேன். மேசையில் கோப்பைகளை அடுக்கி வைத்தேன். யாரும் வரவில்லை. ரொட்டிகளை நானேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் காய்ந்துவிட்டாலும் காபியில் தோய்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

இதைப் படித்ததும் நீ முகம் மலர்வாய். அவசரப்படாதே. ஆண்டின் நடுவில் புதிதாகச் சேரும் மாணவன் ஒருவன் இருப்பான். மற்ற பிள்ளைகள் அவனைச் சுற்றிப் பார்ப்பார்கள், பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அப்போது ஆசிரியை வலியப் போய் யாரையாவது அவன் பக்கத்தில் உட்கார வைத்தால் காரியம் கெட்டுவிடும். அவன் பாட்டுக்குத் தன் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தால், ஒருநாள் ஒருவன் வந்து அழிப்பான் கேட்பான். நானும் என் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஈஸ்டருக்குள் ஒருவர்கூட என் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுகிறேன். ஆள் நுழையாத இடத்தை வீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கும் வாய் வராது.

உன் அக்கா
ஐலி

* * *

துர்க்கு
13 ஜனவரி 1964

அக்காவுக்கு,

முகம் மலரவில்லை. கோபம்தான் வந்தது. உன்மேல் இல்லை, அந்த ஊர்மேல். எங்கள் டிப்போவில் வடக்கத்தி ஆள் ஒருவன் இருக்கிறான், பஸ் பிரிவில். அவனிடம் கேட்டேன். "ஏம்ப்பா, ஒரு பொம்பள தனியா வந்து குடியிருக்கா, கிறிஸ்துமஸுக்குக் கூட எட்டிப் பாக்க மாட்டீங்களா? நீங்கல்லாம் மனுஷங்கதானா?" என்றேன். "அவங்க வர வேணாம்னு சொல்லியிருப்பாங்க" என்றான். "என் அக்கா அப்படிச் சொல்ற ஆள் இல்ல" என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். இப்படித்தான் இருக்கிறார்கள் அந்தப் பக்கத்து ஆட்கள்.

உன் வாக்கைக் குறித்துக்கொண்டேன். ஈஸ்டர் இந்த வருஷம் மார்ச்சிலேயே வந்துவிடுகிறது. மெத்தையை வெயிலில் போட இங்கேயும் வெயில் இல்லை. அடுப்பருகே வைத்துக் காய வைக்கிறேன்.

பென்சிலை ரொம்பவும் சீவாதே, தீர்ந்துவிடும்.

கலெர்வோ

* * *

கெல்லோயார்வி
16 பிப்ரவரி 1964

அன்புள்ள கலெர்வோ,

உட்கார்ந்துகொண்டு படி. உங்கள் டிப்போவின் வடக்கத்தி ஆள் சொன்னது சரி. நான்தான் ஊரையே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் இங்கே பெரிய பனிப்புயல். விடிந்து பார்த்தால் முன்கதவில் இருந்த துடைப்பத்தைக் காணோம். எங்கோ பனிக்குள் புதைந்து கிடக்கிறது. சரி, உருகும்போது கிடைக்கும் என்று அடுக்களையில் ரொட்டி மாவு பிசைய ஆரம்பித்தேன். கையைக் கழுவத் திரும்பினால், கதவோரப் பலகையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை. தொப்பி மடியில் இருக்கிறது.

"யார் நீங்க?" என்றேன்.

"ஈஸ்கோ."

கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டேன்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். வந்தேன்."

காபி போட்டேன். அவர் பையிலிருந்து பாலாடைக்கட்டி எடுத்து, துண்டு போட்டுக் காபியில் நனைத்துச் சாப்பிட்டார், எனக்கும் ஒரு துண்டு போட்டார். இரண்டாவது கோப்பையும் முடிந்த பிறகு கேட்டார். "பயணமெல்லாம் முடிஞ்சுதா?"

"எல்லாரும் இதையே கேக்கறீங்க. நான் எங்கயும் போகலயே."

அவர் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப துடைப்பம்?"

"துடைப்பத்துக்கு என்ன?"

எழுந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பேச வேண்டிய வேலையை வேறு ஆளிடம் ஒப்படைக்கத்தான் போனார் என்பது, சைமா மூச்சிரைக்க உள்ளே வந்தபோது தெரிந்தது.

"ஏன் டீச்சர், பனி விழுந்ததுலேருந்து வீட்ல இல்ல இல்லன்னு சொல்லிட்டு, உள்ளயேதான் உக்காந்திருந்தீங்களா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"கதவுல துடைப்பம் சாஞ்சிருந்தா வீட்ல ஆள் இல்லன்னு அர்த்தம். இங்க எந்த வீட்ல பூட்டு இருக்கு? துடைப்பம்தான் பூட்டு. நடக்கத் தெரிஞ்ச குழந்தைக்கும் தெரியுமே இது."

"அடுப்புப் புகை தெரியுமே, சைமா. விளக்கு எரியுமே."

"தெரிஞ்சுது. பாத்தோம். ஆள் உள்ளதான் இருக்காங்க, ஆனா இல்லன்னு சொல்லச் சொல்றாங்கன்னு நெனச்சோம். படிச்சவங்க, தனியா இருக்க ஆசப்படறாங்க. அதுக்கு மேல வந்து கதவ இழுத்தா மரியாதையா? அதான் கடையில பாத்தாலும் பயணம் முடிஞ்சுதான்னு மட்டும் கேட்டோம். சனிக்கிழமை சனிக்கிழமை சவுனாவுல அடுப்பு மூட்டிட்டு உங்களக் குளிக்கக் கூப்பிட வருவேன். படல்கிட்ட வந்து பாப்பேன். துடைப்பம். திரும்பிப் போயிருவேன். கிறிஸ்துமஸ் அன்னைக்கு என் வீட்டுக்காரர் சொல்றாரு, 'பண்டிகைக்காவது எடுத்துருவாங்க, போய்ப் பாரு'ன்னு. வந்தேன். நீங்க எடுக்கல."

எனக்கு அந்த நட்சத்திர ரொட்டித் தட்டு நினைவுக்கு வந்தது.

"ஆமா, துர்க்குல துடைப்பத்த எங்க வெப்பீங்க?" என்றாள்.

"அலமாரிக்குள்ள."

"அப்ப ஆள் இல்லன்னா வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மணி அடிச்சுப் பாப்பாங்க."

"ஆள் இல்லாத வீட்ல போய் மணி அடிக்கறதா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் அடுக்களைச் சன்னலே அதிர்ந்தது.

யோசித்துப் பார், தம்பி. நான் பொறுமையாகக் காத்திருந்தேன், அவர்களும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்லட்டும் என்று ஆசிரியை காத்திருப்பாள். ஆசிரியை கேள்வி கேட்கட்டும் என்று பிள்ளை காத்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வகுப்பு ரொம்ப ஒழுங்காக நடப்பது போலவே தெரியும்.

அன்று மாலைக்குள் உன் காபி தீர்ந்துவிட்டது. நேற்று சைமாவின் சவுனாவில் நீராவியில் வெந்து சிவந்து, பனியில் உட்கார்ந்து ஆறிவிட்டு வந்தேன். நாளை மீன் சூப்புக்கு வேறொரு வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன். நான் வரவில்லை. அறையை ரித்வாவுக்குக் கொடுத்துவிடு. இன்றே சொல்லிவிடு, பெண் திரைச்சீலைக்கு அளவெடுக்கட்டும்.

உன் அக்கா
ஐலி

* * *

துர்க்கு
27 பிப்ரவரி 1964

அக்காவுக்கு,

துடைப்பக் கதையை டிப்போவில் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஒருவன் டிக்கெட் பையைக் கீழே போட்டுவிட்டான். வடக்கத்தி ஆள் மட்டும் சிரிக்கவில்லை. "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றான்.

அறை விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஒரு பெரியவர் காபி குடித்துவிட்டுப் போனார் என்பதற்காக வாழ்நாளைத் தீர்மானிக்கக் கூடாது. வீட்டுக்கு ஆள் வருவது ஒன்று, அந்த ஊர் ஆளாவது வேறொன்று. என் டிராமில் தினமும் எத்தனையோ பேர் ஏறுகிறார்கள். அவர்களெல்லாம் என் சொந்தமா? புதுசு என்பதால் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். கோடையில் கொசு வரும்போது இவர்கள் வரமாட்டார்கள்.

ரித்வாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஈஸ்டர் வரை என்றால் ஈஸ்டர் வரைதான். உன் அறை அடுப்பை வாரம் ஒருமுறை மூட்டி வைக்கிறேன், சுவரில் ஈரம் ஏறக் கூடாதே என்று. சூப்பும் இன்னும் இரண்டு பேருக்குத்தான் வைக்கிறேன். கை பழகிவிட்டது, அளவைக் குறைக்க வரவில்லை.

கலெர்வோ

* * *

கெல்லோயார்வி
8 மார்ச் 1964

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தில் ஈரச் சுவரையும் கொசுவையும் விட்டுவிட்டு, சூப்பைப் பற்றி எழுதிய இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவனை வேறு வகுப்புக்கு மாற்றினால், மாறிப் போகிறவன் அழமாட்டான். அவனுக்குப் பார்க்கப் புதிதாக ஏதாவது இருக்கும். பழைய பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகக் கிடக்க உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் கஷ்டம். இத்தனை ஆண்டு அனுபவத்தில் எனக்கு இது தெரியும். ஆனாலும் உன்னிடம் விடைபெறும்போது மறந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், பதிலை எனக்கு எழுத வேண்டாம். அந்த அறையை எனக்காகக் காலியாக வைத்திருக்கிறாயா, உனக்காகவா? எனக்காக என்றால் வேண்டாம். உனக்காக என்றால், காலி அறை உனக்கு எதிரே உட்கார்ந்து சூப் குடிக்கப் போவதில்லை. ரித்வா குடிப்பாள். மாப்பிள்ளை உப்புப் போதாது என்பான். உனக்குச் சண்டைக்கு ஓர் ஆள் கிடைக்கும்.

ஊர் ஆளாகிவிட்டேனா என்று கேட்டாய். அதற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை. நீயே வந்து பார். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் ரொவானியெமி ரயிலடியில் இறங்கினால் தபால் பஸ் கிடைக்கும். சூரியன் திரும்பி வந்துவிட்டது. பனி இறுகிக் கிடக்கிறது, அதன்மேல் சாலையில் நடப்பதுபோல நடக்கலாம். முன்கதவை உனக்காகத் திறந்துவைக்கிறேன். நீ வந்தும் நான் திரும்ப வேண்டும் என்று தோன்றினால், என் முகத்துக்கு நேரே சொல்.

உன் அக்கா
ஐலி

* * *

துர்க்கு
12 ஏப்ரல் 1964

அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். சைமா கட்டிக் கொடுத்த கலைமான் இறைச்சி ரயில் பெட்டி முழுக்க மணத்தது. எதிரே இருந்தவனுக்கும் ஒரு துண்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

முகத்துக்கு நேரே சொல் என்று எழுதியிருந்தாய். சொல்லாமலே வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நான் உன்னைப் பார்க்க வரவில்லை, கூட்டிப்போக வந்தேன். உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். உன் வீட்டில் இருந்த நாளெல்லாம் அது அங்கேதான் இருந்தது. முதல் நாளே நீ தண்ணீருக்கு ஏரிக்குப் போன நேரத்தில் ஈஸ்கோ வந்து பலகையில் உட்கார்ந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். இருவரும் பேசவில்லை. எத்தனை நேரம்தான் தாங்குவார், பார்க்கலாம் என்று இருந்தேன். நான்தான் தோற்றேன். அவருக்கு அது போட்டி என்றே தெரியாது. இப்படிப்பட்ட ஆட்களோடு என் அக்கா எப்படிக் காலம் தள்ளுவாள் என்று, டிக்கெட்டை எடுத்து நீட்டிவிடலாம் என்றிருந்தேன்.

மறுநாள் சைமா உன் விறகுக் கொட்டகைக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன டிராம் தம்பி, தண்டவாளம் இல்லாமயே இவ்வளவு தூரம் வந்துட்டீங்க?" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் உன் பக்கம் திரும்பிவிட்டாள். நினைவிருக்கிறதா என்ன சொன்னாள் என்று?

"இது என்ன அடுக்கு, ஐலி? புத்தகம் அடுக்கற மாதிரி அழகா வெச்சிருக்க. மரப்பட்டை மேல் பக்கம் இருக்கணும்னு எத்தன தடவ சொன்னேன்? கூரையில பனி உருகி ஒழுகுமே, அந்தத் தண்ணி எங்க போகும், உன் தலையிலயா? அடுத்த குளிர்காலத்துக்கு ஈர விறக வெச்சுக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நில்லு, தர்றேன். நல்லாக் கேளு, தர மாட்டேன்."

நீ கையுறையைப் பிசைந்துகொண்டு, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி நின்றாய். பிப்ரவரியில் டீச்சர், நீங்க, வாங்க என்றவள், இப்போது ஐலி, நீ, போ என்கிறாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, விறகு அத்தனையையும் இறக்கித் திருப்பி அடுக்கினீர்கள். திட்டிக்கொண்டேதான் அவள் அடுக்கினாள்.

நான் கொட்டகை ஓரமாக நின்று பார்த்தேன். துர்க்குவில் உனக்கு எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். தலைமையாசிரியர் தொப்பியைக் கழற்றினார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் உனக்கு வழிவிட்டு நின்றார்கள். இந்த ஊரில் உன்னை உட்கார வைத்துத் திட்ட என்னைத் தவிர ஒருவரும் கிடையாது. விருந்தாளியை யாரும் அப்படித் திட்ட மாட்டார்கள், அக்கா. வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் அடுத்த குளிர்காலத்து விறகைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். என் கேள்விக்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. டிக்கெட்டை ரொவானியெமியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வந்த அன்றே ரித்வாவிடம் சொன்னேன். "அத்தை ஒருநாள் திரும்பி வந்துட்டா எங்க இருப்பாங்க, அப்பா?" என்றாள். "வந்தா விருந்தாளி, கூடத்து சோபா இருக்கு" என்றேன். சோபாவில் உனக்குக் கால் நீட்ட முடியாது. அதனால் அதிக நாள் தங்கமாட்டாய். நேற்று மாப்பிள்ளை வந்து உன் அறைச் சுவருக்கு மஞ்சள் சாயம் பூசிவிட்டுப் போனான். நன்றாக இல்லை. சொன்னேன், அவன் கேட்கவில்லை. நேற்று சூப்பை மூன்று பேருக்கு வைத்தேன். அவனுக்கு உப்புப் போதவில்லையாம்.

உன் பெரிய பெட்டியையும் புத்தகங்களையும் சரக்கு ரயிலில் ஏற்றிவிட்டேன். இனி அவற்றை இங்கே கொண்டுவர யாராலும் முடியாது, அத்தனை கனம்.

ஆக, இந்த வீட்டுக்கு நீ இப்போது விருந்தாளிதான். விருந்தாளியைத் திட்டக் கூடாது என்று நான்தான் மேலே எழுதினேன். அது மட்டும் என்னால் ஆகாது. நீங்கள் மாற்றி அடுக்கிய விறகில், கொட்டகையின் இடது மூலையில் கடைசி வரிசை இன்னமும் பட்டை கீழே பார்த்தபடிதான் இருக்கிறது. நான் கிளம்பும்போது பார்த்தேன். அதை முதலில் திருப்பி வை.

உன் தம்பி
கலெர்வோ